காரம் கொஞ்சம் தூக்கல்

"என்ன வேலை பார்க்கிறாய்?" என்று கேட்கும் உறவினர்களுக்கு என்னிடம் இரண்டு பதில்கள் உண்டு. அவசரத்தில் இருப்பவர்களுக்கு, "பிளாஸ்டிக் ஆராய்ச்சி." உட்கார்ந்து பேச நேரம் உள்ளவர்களுக்கு, "காரத்தை வைத்துப் பிளாஸ்டிக் செய்கிறேன்." இரண்டாவது பதிலைக் கேட்ட என் அத்தை, "மிளகாய்த் தூளா போடுவீங்க?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்துவிட்டார்.

அத்தை கேட்டதில் தப்பில்லை. தமிழில் மிளகாயும் காரம்தான், சுண்ணாம்பும் காரம்தான். நான் சொல்வது இரண்டாவது வகை. வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பு, ஆப்பத்துக்குப் போடும் சோடா, துணி துவைக்கும் சவர்க்காரம் எல்லாம் அந்தக் குடும்பம். அமிலத்திடமிருந்து ஹைட்ரஜன் அணுவின் கருவைப் பிடுங்கிக்கொள்வதுதான் காரத்தின் வேலை. அந்தப் பிடுங்கும் பலம் மிக அதிகமாக உள்ள கரிமப் பொருள்களை ஆங்கிலத்தில் 'சூப்பர்பேஸ்' என்கிறார்கள். நான் மீக்காரம் என்று சொல்லிக்கொள்கிறேன். அப்பா மட்டும் அதை 'அதிகாரம்' என்று பிரித்துப் படித்து, "அது உங்கம்மாகிட்டதான் இருக்கு" என்பார்.

இந்த மீக்காரங்களை வைத்து, மக்கிப் போகக்கூடிய பிளாஸ்டிக்கைச் செய்வதுதான் என் ஆய்வு. ஏழு ஆண்டுகளாக இதே வேலை. போன வருடம் எங்கள் வீட்டில் நடந்த இரண்டு விஷயங்கள், இந்த வேலையைப் பற்றி நான் யாருக்கு என்ன சொல்ல வேண்டும் என்பதை யோசிக்க வைத்தன. ஒன்று அம்மாவின் தையல். இன்னொன்று அண்ணன் கடையின் சாப்பாட்டுப் பெட்டி.

தையல் எங்கே போனது?

அம்மாவுக்குப் பித்தப்பையில் கல். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு வந்த பிறகு அவருக்கு ஒரே கவலை, தையல் பிரிக்க எப்போது போக வேண்டும் என்பது. "பிரிக்க வேண்டாமாம், தானா கரைஞ்சிடுமாம்" என்று சொன்னதும் கவலை இரண்டு மடங்கானது.

"கரைஞ்சு எங்க போகும்? உள்ளதானே இருக்கும்?"

நியாயமான கேள்வி. அந்த வகை நூல்களில் அதிகம் பயன்படும் ஒன்று, கிளைகோலைடு 90, லாக்டைடு 10 என்ற விகிதத்தில் கலந்து செய்த பாலிமர். பாலிமர் என்றால் ஒரே மாதிரியான சின்னச் சின்னத் துண்டுகள் கைகோத்து நிற்கும் நீண்ட சங்கிலி. உடம்பின் ஈரம் அந்தக் கைகளை ஒவ்வொன்றாக விடுவிக்கிறது. சில வாரங்கள் வரை நூல் காயத்தைப் பிடித்துக்கொள்ளும். ஏறக்குறைய 56 முதல் 70 நாள்களில் முழுவதும் கரைந்துவிடும். மிஞ்சுவதில் ஒன்று லாக்டிக் அமிலம். தயிரைப் புளிக்க வைப்பதும், ஓடிக் களைத்தால் நம் தசையில் ஊறுவதும் இதே அமிலம்தான். உடம்புக்கு அதை என்ன செய்வது என்று தெரியும். எரித்துக் கரியமில வாயுவாகவும் நீராகவும் வெளியே அனுப்பிவிடும்.

"அப்ப மோர் குடிச்ச மாதிரிதான்" என்று அம்மா முடித்துக்கொண்டார். இதைவிடச் சுருக்கமாக என்னாலும் சொல்ல முடியாது.

அந்தச் சங்கிலியை எப்படிச் செய்கிறார்கள்? லாக்டிக் அமிலத்தை அப்படியே கோத்துக்கொண்டே போனால், ஒவ்வொரு கோப்பிலும் நீர் வெளியேறும். அந்த நீரே திரும்பிச் சங்கிலியை வெட்டும். நீளமான சங்கிலி கிடைப்பது கடினம். எனவே முதலில் இரண்டு லாக்டிக் அமிலத்தைச் சேர்த்து ஒரு வளையமாக்குகிறார்கள். அதுதான் லாக்டைடு, கற்கண்டுத் தூள் போன்ற வெள்ளைப் படிகம். அந்த வளையம் கொஞ்சம் இறுக்கமாக, முறுக்கிய நிலையில் இருக்கும். யாராவது ஓரிடத்தில் கையை விடுவித்தால் விரிந்துகொள்ளும். விரிந்த முனை அடுத்த வளையத்தைத் திறக்கும். அது அதற்கடுத்ததை. இப்படியே நூறு, ஆயிரம் என்று சங்கிலி நீளும். வளையம் திறந்து பாலிமராவது என்பது இதுதான்.

முதல் கையை விடுவிக்க ஒரு தூண்டுகோல் வேண்டும். அதுதான் வினையூக்கி. தொழிற்சாலைகளில் இதற்குப் பல காலமாகப் பயன்படுவது டின் எனப்படும் வெள்ளீயச் சேர்மம்.

நான் பிறந்து வளர்ந்தது கிந்தா பள்ளத்தாக்கில். அங்கே யாருக்கும் டின்னை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. உலகச் சந்தைக்கு ஈயம் அனுப்பிய ஊர். 1985-இல் விலை விழுந்தபோது சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. எங்கள் பக்கத்தில் இன்றும் மிச்சமிருப்பது பச்சை நிறத்தில் தண்ணீர் தேங்கிய குட்டைகள்தான். அந்த மண்ணிலிருந்து வந்து, டின் இல்லாமல் பிளாஸ்டிக் செய்யும் வேலையில் சேர்ந்ததைச் சொன்னால் எங்கள் ஊர்ப் பெரியவர்கள், "இருந்த கொஞ்ச மவுசையும் கெடுக்கப் பார்க்கிற" என்று கேலி செய்வார்கள்.

நியாயமாகச் சொல்ல வேண்டும். டின் வினையூக்கி கெட்டது என்று யாரும் பயப்பட வேண்டாம். மிகச் சிறிய அளவே போடுகிறார்கள். மிஞ்சும் அளவுக்குக் கட்டுப்பாடும் உண்டு. ஆனால் உடம்புக்குள் வைத்து, அங்கேயே கரைந்து மறைய வேண்டிய பொருளில், கரையாத உலோகம் ஒன்று எதற்கு? பாலிமர் கரைந்து போகும். டின் கரைந்து காணாமல் போகாது. அதை முழுவதுமாகப் பிரித்தெடுப்பதும் எளிதல்ல. இந்தக் கேள்விதான் மீக்காரங்களுக்குக் கதவைத் திறந்தது.

ஒரு கை, இரண்டு கை

2001-இல் கலிபோர்னியாவில் உள்ள ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் ஜேம்ஸ் ஹெட்ரிக் குழுவினர், உலோகமே இல்லாத ஒரு கரிமக் காரத்தைக் கொண்டு லாக்டைடு வளையத்தைத் திறந்து காட்டினார்கள். கணினி நிறுவனத்துக்குப் பிளாஸ்டிக்கில் என்ன வேலை என்று கேட்கலாம். சில்லு தயாரிப்பில் உலோகத் தூசு ஒட்டாத பாலிமர்கள் அவர்களுக்குத் தேவைப்பட்டன. பின்பு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ராபர்ட் வேமவுத்துடன் சேர்ந்து, 2006-இல் டிபியூ, டிபிடி, எம்டிபிடி என்ற மூன்று மீக்காரங்களைச் சோதித்தார்கள்.

இந்த மூன்றில் எனக்குப் பிடித்த கதை ஒன்று உண்டு. காரத்தின் பலத்தை அளக்க ஓர் அளவுகோல் இருக்கிறது. அதில் ஒரு படி ஏறினால் பலம் 10 மடங்கு. அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பானில் அளந்தால் டிபியூவுக்கு 24, எம்டிபிடிக்கு 25.5, டிபிடிக்கு 26. பின்னவை இரண்டும் பலத்தில் ஏறக்குறைய சமம். உருவத்திலும் அக்கா தங்கை மாதிரிதான். டிபிடியில் ஹைட்ரஜன் இருக்கும் ஓரிடத்தில், எம்டிபிடியில் ஒரு சின்ன மெத்தில் தொகுதி. அவ்வளவே வித்தியாசம்.

ஆனால் வேலையில் அப்படியில்லை. டிபிடியை ஆயிரத்தில் ஒரு பங்கு போட்டாலே லாக்டைடு நிமிடக் கணக்கில் பாலிமராகிவிடுகிறது. எம்டிபிடி அதைவிட அதிகம் போட்டும் மெதுவாகத்தான் நகர்கிறது. கேப்ரோலாக்டோன் என்ற இன்னொரு வளையத்திடம் டிபிடி வேலை செய்யும். எம்டிபிடியும் டிபியூவும் தனியாகப் போனால் அசையாது.

காரணம் பலம் அல்ல, கை. டிபிடிக்கு இரண்டு கைகள். ஒரு கையால் சங்கிலியின் முனையைப் பிடித்து இழுக்கும். அதே நேரம் தன் ஹைட்ரஜனால் வளையத்தை இன்னொரு பக்கம் பிடித்துக்கொள்ளும். எம்டிபிடியில் அந்த இரண்டாவது கையை மெத்தில் மறைத்துவிட்டது. தேங்காய் துருவும்போது ஒரு கை கட்டிப் போட்டிருந்தால் எப்படி இருக்கும்? பலசாலியாக இருந்தும் பயனில்லை. இதைச் சரிசெய்யத் தயோயூரியா என்ற துணைப்பொருளைச் சேர்த்தார்கள். வளையத்தை அது பிடித்துக்கொள்ள, மீக்காரம் முனையை இழுக்க, டிபியூவும் எம்டிபிடியும் கேப்ரோலாக்டோனைத் திறக்கத் தொடங்கின. கணவன் மனைவி போல என்று மாணவர்களுக்குச் சொல்வேன். யார் எந்த வேலை என்பதை அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

இவற்றையும் தாண்டிய பலசாலிகள் உண்டு. ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகரில் ரெய்ன்ஹார்ட் ஷ்வேசிங்கர் உருவாக்கிய ஃபாஸ்ஃபசீன் காரங்களில் ஒன்று அதே அளவுகோலில் 42-ஐத் தாண்டுகிறது. டிபியூவை விட எத்தனை மடங்கு என்றால், 1-க்குப் பின்னால் 18 சுழியம் போட வேண்டும்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் இந்த வேலைக்குப் பெரிய எதிரி மழை. தண்ணீர் ஒரு துளி உள்ளே போனாலும், ஒவ்வொரு நீர் மூலக்கூறும் தனக்கென ஒரு சங்கிலியைத் தொடங்கிவிடும். ஆயிரம் வளையம் கோக்க வேண்டிய சங்கிலி நூறிலேயே நின்றுபோகும். இந்த ஊர் ஈரக்காற்றில் உப்புப் போத்தலே கசியும். எனவே நைட்ரஜன் நிரப்பிய கண்ணாடிப் பெட்டிக்குள், பொருத்தியிருக்கும் பெரிய கையுறைக்குள் கையை விட்டு எல்லாவற்றையும் செய்கிறோம். லாக்டைடைப் பலமுறை கரைத்துப் படிகமாக்கித் தூய்மை செய்ய வேண்டும். முன்வேலைக்கு ஒரு வாரம். வினை நடப்பது ஒரு நிமிடம்.

அந்த ஒரு நிமிடம் பார்க்க அழகானது. தெளிந்த கரைசல், சுற்றிக்கொண்டிருக்கும் சின்னக் காந்தம். டிபிடியைச் சொட்டியதும் காந்தத்தின் வேகம் தளர்கிறது. தேன் பதம், பிறகு பாகு பதம். அங்கே நிறுத்த வேண்டும். விட்டுவிட்டால், திறக்க வளையம் இல்லாத மீக்காரம் கட்டிய சங்கிலியையே வெட்டி ஒட்டத் தொடங்கிவிடும். நிறுத்துவது எளிது, கொஞ்சம் பென்சோயிக் அமிலம். சாஸ் போத்தல்களில் கெடாமல் இருக்கச் சேர்க்கிறார்களே, அதேதான். குழம்பில் காரம் தூக்கலாகிவிட்டால் அம்மா புளியைக் கரைத்து ஊற்றுவதில்லையா? அதே வித்தை. பிறகு குளிர்ந்த மெத்தனாலில் ஊற்றினால், இடியாப்பம் பிழிந்த மாதிரி வெள்ளை இழைகளாகப் பாலிமர் இறங்கும். மீக்காரம் கரைசலோடு போய்விடும்.

அண்ணன் கடைப் பெட்டி

அண்ணன் கிள்ளானில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். உட்கார்ந்து சாப்பிடுபவர்களுக்கு வாழை இலை. பொட்டலம் கட்டினால் வெள்ளைப் பொலிஸ்திரீன் பெட்டி. நாளுக்கு ஏறக்குறைய 300.

போன வருடம் விற்பனையாளர் ஒருவர் வந்தார். சோளத்திலிருந்து செய்த பெட்டி, மண்ணில் போட்டால் மக்கிவிடும், பெட்டிக்கு 20 சென்தான் கூடுதல் என்றார். அண்ணனுக்கு உடனே பிடித்துப்போனது. தங்கை செய்யும் ஆராய்ச்சி அல்லவா! "பூமிக்கு நல்லது" என்று கடை முகப்பில் பெரிய பலகை வைக்கவும், ஓராண்டுக்கு ஒப்பந்தம் போடவும் தயாரானார். கையெழுத்துப் போடும் முன் என்னை அழைத்தார்.

"தங்கச்சி, நீ சரின்னு ஒரு வார்த்தை சொல்லு. போதும்."

300 பெட்டி, 20 சென். நாளுக்கு 60 ரிங்கிட். மாதம் 26 நாளுக்கு 1,560 ரிங்கிட். அண்ணி கணக்குப் போட்டு வைத்திருந்தார். ஒரு கை ஆள் சம்பளத்துக்குக் கிட்ட வரும் தொகை. அண்ணனோ என் பெயருக்காகவே அதைச் செலவழிக்கத் துணிந்திருந்தார்.

நான் சரி என்று சொல்லவில்லை. அந்தப் பெட்டி லாக்டைடில் செய்த பாலிலாக்டிக் அமிலம், சுருக்கமாகப் பிஎல்ஏ. அது மக்கும் என்பது பொய்யல்ல. ஆனால் எங்கே மக்கும்? ஏறக்குறைய 58 டிகிரிச் சூட்டில், ஈரமும் நுண்ணுயிரும் நிறைந்த பெரிய உரக் கூடங்களில் மக்கும். அந்தச் சூட்டை நெருங்கும்போதுதான் அதன் சங்கிலிகள் இளகித் தண்ணீரை உள்ளே விடுகின்றன. நம் வீட்டு மண் 30 டிகிரி. கால்வாயும் கடலும் அதைவிடக் குளிர்ச்சி. அங்கே அது பல காலம் பிளாஸ்டிக்காகவே கிடக்கும். பொட்டலம் கட்டிய சாப்பாட்டுப் பெட்டி கடைசியில் போய்ச் சேருவது குப்பை மேட்டுக்கு; உரக் கூடத்துக்கு அனுப்ப யாரும் தனியாகப் பிரித்து வாங்குவதில்லை. இன்னொன்று, 60 டிகிரியில் இளகும் பொருளில் கொதிக்கும் சாம்பாரை ஊற்றினால் என்ன ஆகும்? சூடு தாங்கும்படி படிகமாக்கிய வகைகள் உண்டு. விற்பனையாளர் கொண்டுவந்தது அதுவல்ல.

தொலைபேசியில் அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப நீ இத்தனை வருசமா என்னதான் பண்ற?" என்றார். கோபத்தைவிட ஏமாற்றம்தான் குரலில் இருந்தது. அந்தக் கேள்வி என்னைப் பல நாள் தூங்கவிடவில்லை.

அண்ணன் யார் சொல்லையும் சோதிக்காமல் விடுபவர் அல்ல. மாதிரிக்குக் கொடுத்த பெட்டி ஒன்றைக் கடைக்குப் பின்னால் முருங்கை மரத்தடியில் புதைத்தார். பக்கத்திலேயே கரும்புச் சக்கையில் செய்த பெட்டி ஒன்றையும் வாழை இலை ஒன்றையும் புதைத்தார். எட்டு மாதம் கழித்துத் தோண்டினோம். இலை இருந்த இடமே தெரியவில்லை. கரும்புச் சக்கை மண்ணோடு மண்ணாகியிருந்தது. சோளப் பெட்டியை அண்ணி கழுவிக் காட்டினார்; மூடியில் இருந்த எழுத்தைக்கூடப் படிக்க முடிந்தது.

இது எங்கள் வீட்டுப் பிரச்சினை மட்டுமல்ல. கோலாலம்பூரில் 2017 ஜனவரி முதல் கடைகள் மக்கும் பைகளைத்தான் தர வேண்டும் என்று விதி வந்தது. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கை ஒழிக்க மலேசியா 2018 முதல் 2030 வரைக்குமான திட்டம் போட்டிருக்கிறது. சிங்கப்பூரில் 2023 ஜூலை 3 முதல் பெரிய பேரங்காடிகளில் பைக்குக் குறைந்தது 5 காசு. அங்கே வீட்டுக் குப்பையை எரித்துச் சாம்பலைச் செமாக்காவ் தீவுக்கு அனுப்புகிறார்கள். மக்கும் பையும் மக்காத பையும் ஒரே நெருப்பில்தான். பக்கத்துத் தாய்லாந்தின் ராயோங்கில் கரும்புச் சர்க்கரையிலிருந்து ஆண்டுக்கு 75,000 டன் பிஎல்ஏ செய்யும் ஆலை 2018 இறுதியிலிருந்து இயங்குகிறது. பொருள் பெருகுகிறது. அது போய்ச் சேர வேண்டிய இடம் மட்டும் இன்னும் பெருகவில்லை.

அண்ணனுக்குச் சொன்ன பதில்

தோண்டிய அன்று, அண்ணன் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொன்னேன்.

முதல் பதில், அம்மாவின் வயிற்றில் இருக்கிறது. உடம்பு என்பது 37 டிகிரி, எப்போதும் ஈரம். கரைய வேண்டிய கால அளவை நாம் பாலிமரின் கலவையை வைத்து முடிவு செய்யலாம். தையல் நூல், எலும்பைப் பிடிக்கும் திருகாணி, மாதம் ஒருமுறை போட்டால் மெல்ல மெல்ல மருந்தை விடும் ஊசி என்று எத்தனையோ. அங்கே உலோகம் இல்லாமல் செய்வதற்கு மதிப்பு உண்டு. சிங்கப்பூரிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. அங்கிருந்த உயிரிப் பொறியியல், நானோ தொழில்நுட்பக் கழகத்தின் யீ யான் யாங் குழுவினரும் ஐபிஎம் குழுவினரும் சேர்ந்து 2011-இல் ஒரு பாலிமரை வெளியிட்டார்கள். கார்பனேட் வளையங்களை இதே வழியில் திறந்து கோத்தது. அதன் நேர்மின்னேற்றம் கிருமியின் சவ்வில் ஒட்டி அதைக் கிழிக்கிறது. மருந்துக்கு அடங்காத எம்ஆர்எஸ்ஏ கிருமியையும் ஆய்வில் கொன்றது. வேலை முடிந்ததும் சிதைந்து போகக்கூடியது.

இரண்டாவது பதில், வளையத்தைத் திறப்பதோடு நில்லாமல் திரும்ப மூடுவது. காமா பியூட்டிரோலாக்டோன் என்ற வளையம் இறுக்கமே இல்லாதது. அதைப் பாலிமராக்க முடியாது என்றுதான் பாடநூல்கள் நெடுங்காலம் சொல்லி வந்தன. அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மியாவ் ஹாங், யூஜீன் சென் இருவரும் சுழியத்துக்குக் கீழே 40 டிகிரிக் குளிரில் அதைச் செய்து காட்டினார்கள். உலோகம் இல்லாமல் ஃபாஸ்ஃபசீன் மீக்காரத்தைக் கொண்டும் செய்தார்கள். அந்தப் பாலிமரை 220 முதல் 300 டிகிரி வரை சூடாக்கினால், மறுபடி அதே வளையமாகப் பிரிந்து கைக்கு வந்துவிடுகிறது. மக்குமா என்று காத்திருக்கத் தேவையில்லை. பழைய நகையை உருக்கிப் புது நகை செய்வது போல. டிபிடியைக் கொண்டு மினரல் வாட்டர் போத்தலின் பிளாஸ்டிக்கையும் உடைத்து மூலப்பொருளாக்கியிருக்கிறார்கள்.

இவை நாளைக்கே கடைக்கு வந்துவிடும் என்று நான் அண்ணனிடம் சொல்லவில்லை. ஆலைகளில் பிஎல்ஏவை உருகிய நிலையில், 180 டிகிரியை ஒட்டிய சூட்டில் செய்கிறார்கள். டின் மலிவு, அந்தச் சூட்டைத் தாங்கும். பல மீக்காரங்கள் அங்கே நிறம் மாறிவிடும், சங்கிலியையும் கெடுக்கும். பலம் மிஞ்சினால் லாக்டைடின் இடக்கை வலக்கை அமைப்பையே புரட்டிப் போட்டுவிடும். பிறகு பாலிமர் உறுதியாக இருக்காது. சூட்டைத் தாங்கி, புரட்டாமல், இரண்டு கையாலும் வேலை செய்யும் ஒரு மீக்காரத்தைத்தான் நானும் என் மாணவர்களும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

அண்ணன் ஒப்பந்தம் போடவில்லை. பொட்டலத்துக்கு இப்போது வாழை இலை வைத்து மடித்த தாள். குழம்புக்கு மட்டும் பெட்டி. தூக்குச் சட்டி கொண்டு வருபவர்களுக்கு 50 சென் குறைக்கிறார். காலையில் வேலைக்குப் போகும் பிள்ளைகள் சிலர் இப்போது மங்குக் காரியரோடு வரிசையில் நிற்கிறார்கள். முகப்புப் பலகையில் "பாத்திரம் கொண்டு வந்தால் 50 சென் கழிவு" என்று மட்டும் எழுதியிருக்கிறது.

நீங்களும் அடுத்த முறை 'மக்கும்' என்று அச்சிட்ட பையையோ பெட்டியையோ காசு கூடக் கொடுத்து வாங்கும் முன், விற்பவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்தச் சூட்டில் மக்கும்? எத்தனை நாளில்? அந்தச் சூடு உள்ள இடத்துக்கு இதை யார் கொண்டு போவார்கள்? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால், அந்த 20 சென்னை உங்கள் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ளலாம்.